ஓரகத்தி குடத்து மணல்

கேளுங்கள் பிள்ளைகளே. கேட்க நேரமில்லை என்கிற பெரியவர்களும் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிட்டுக் கையை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் இருந்தால் முதலில் இறக்கிவிட்டு வாருங்கள். பால் பொங்கி வழிந்த பிறகு கதை சொன்னவளைத் திட்டக் கூடாது.

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. அந்தக் காலத்தில் குடைப்பாறை என்று ஒரு மலை இருந்தது. மலை உச்சியில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு ராணி. ராணிக்கு யானை இருந்தது, குதிரை இருந்தது, பொக்கிஷம் இருந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை. மேலே ஊற்று கிடையாது, சுனை கிடையாது, எங்கே தோண்டினாலும் பாறைதான். தண்ணீர் வேண்டுமென்றால் அடிவாரத்து ஆற்றில் மொண்டு, தொள்ளாயிரம் படி ஏறித்தான் கொண்டுவர வேண்டும்.

அப்படிக் கொண்டுவந்தவர்கள் குடத்துத்தெருப் பெண்கள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் குடம். மற்ற நாட்களில் வழியில் ஒருத்தி இறக்கி, இன்னொருத்தி வாங்கி, மூன்றாமவள் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஆனால் சித்திரை முதல் நாள் அப்படி இல்லை. அது ராணி முடி சூடிய நாள். அன்றைக்கு ஒரே பெண், நிறைகுடத்தை ஓரிடத்திலும் இறக்காமல், தொள்ளாயிரம் படியும் ஏறி ராணியின் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முதல்குடம் என்று பெயர். யார் முதலில் கொண்டுபோய்க் கொடுக்கிறாளோ அவளுக்குப் பறை முழங்கும். அந்த வருஷம் முழுக்கத் தெருவுக்கு அவள்தான் தலைவி. யாருக்கு எந்த நேரத்தில் ஆற்றில் எந்தத் துறை என்று அவள்தான் முறை வைப்பாள்.

அந்தத் தெருவில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒருமுறை அல்ல, இருமுறை அல்ல, மூன்று முறை முதல்குடம் எடுத்தவள். அப்போது அவள் நடந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை என்று ஆயிற்று. இடுப்பு அகன்றது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான்கு வருஷமாக அவள் போட்டிக்கே போகவில்லை.

போகாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தாள். அவள் கொழுந்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

வந்தவள் பெயர் பூவாத்தாள். சிலம்பாயிக்கு ஓரகத்தி. மூங்கில் குச்சி போல உடம்பு, வெள்ளாட்டுக்குட்டி போல கால். படியேறும்போது பாடுவாள். படியேறும்போது பாடுகிறவளை எங்கேயாவது கண்டதுண்டா? சிலம்பாயிக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே வயிறு எரியும்.

"முன்னெல்லாம் சிலம்பாயி நடை, இப்ப பூவாத்தா நடை" என்று ஆற்றங்கரையில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் குனிந்து துணி கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் முதல்குடத்துக்குப் பூவாத்தாள் பெயர் கொடுத்தாள். கேட்ட அன்றைக்கே சிலம்பாயியும் கொடுத்தாள்.

அவள் புருஷன் மருதன் திகைத்துப்போனான். "ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? மூணு தடவை எடுத்தது போதாதா?"

"நாலாவது தடவை எடுத்தா உங்க தலையிலயா வைக்கப் போறேன்?"

இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகள் பெரியவளாகிவிட்டால் தாய் முதல்குடம் எடுக்கக் கூடாது, அது அந்தத் தெரு வழக்கம். சிலம்பாயியின் மூத்த மகள் தேனாயிக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் இனி இல்லை. தன் காலம் முடிகிற நேரத்தில், தன் வீட்டுக்குள்ளேயே, தனக்குப் பின்னால் வந்தவள் தன் பறையை வாங்கிக்கொண்டு போவதா? இதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்.

போட்டிக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்றாமவள் மாரக்காள். அவளுக்குக் கால் பலத்தைவிட வாய் பலம் அதிகம்.

முதல்குடத்துக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பழக வேண்டும். தண்ணீர்க் குடத்தை வைத்துப் பழக மாட்டார்கள். சிந்திச் சிந்திப் படியெல்லாம் வழுக்கும். அதனால் ஆளுக்கொரு மண்குடம். படிக்காவலன் தராசில் வைத்து, நிறைகுடத் தண்ணீர் என்ன கனமோ அதே கனத்துக்கு ஆற்று மணலை அளந்து போடுவான். மணல் தண்ணீரைவிடக் கனமல்லவா? பாதிக் குடத்துக்குச் சற்று மேலே வந்ததும் போதும் என்பான். வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டி, அடிவார மண்டபத்தில் வைத்துவிடுவார்கள். விடிந்ததும் அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு முடிந்த மட்டும் ஏறலாம். பழகும்போது இறக்கி வைத்தால் குற்றமில்லை.

முதல் நாள் பூவாத்தாள் ஏறினாள். நூறாம் படியில் ஒரு புங்கமரம். அங்கே குடத்தை இறக்கினாள். "இன்னிக்குப் புங்கமரம் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள் அதற்கு மேலே இருந்த யானைப்பாறை. மூன்றாம் நாள் அதற்கும் மேலே ஒரு வளைவு. நாளைக்கு எங்கே என்று அவள் முந்தின நாளே முடிவு செய்துகொள்வாள். அதற்கு மேல் ஒரு படி ஏற மாட்டாள். அதற்குக் கீழே ஒரு படி நிற்க மாட்டாள்.

சிலம்பாயிக்கு மரமும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. பூவாத்தாளின் குதிகால்தான் தெரிந்தது. அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அவள் நூறு படி என்றால் இவள் நூற்றுப்பத்து. மறுநாள் முழங்கால் வீங்கியது.

பூவாத்தாள் காலையில் இரண்டு கிண்ணம் கம்பங்கூழ் குடித்தாள். சிலம்பாயி மூன்று கிண்ணம் குடித்தாள். நடக்க முடியாமல் வயிறு குலுங்கியது.

பூவாத்தாள் கோழி கூவியதும் எழுந்தாள். சிலம்பாயி கோழிக்கு முன்னால் எழுந்தாள். மத்தியானம் உலைக்கு அரிசி போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்தவள் சோறு தீய்ந்த வாசனைக்குத்தான் கண் விழித்தாள்.

பன்னிரண்டு நாள் போயிற்று. பூவாத்தாள் நானூறு படி ஏறிவிட்டாள். சிலம்பாயி இருநூறில் நின்று மூச்சு வாங்கினாள். மேலேயிருந்து பாட்டு மட்டும் இறங்கி வந்தது.

"அக்கா, தண்ணி வேணுமா?" என்று மேலேயிருந்து பூவாத்தாள் கேட்டாள்.

"உன் தண்ணியை நீயே குடிடி, அம்மா!"

அன்று சாயங்காலம் மண்டபத்தில் விளக்கேற்றும் முறை சிலம்பாயியுடையது. விளக்கை ஏற்றினாள். திரும்பினாள். மூன்று குடங்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூவாத்தாளின் குடத்தில் மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டைப் பார்க்கப் பார்க்க அது தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

அவள் கை தானாகவே போய்த் தன் குடத்துக் கயிற்றை அவிழ்த்தது. இரண்டு கைகளையும் சேர்த்து மணலை அள்ளினாள். பூவாத்தாளின் குடத்தை அவிழ்த்து அதற்குள் போட்டாள். இரண்டையும் மறுபடி கட்டினாள். தெருவில் வந்து நின்று நாலாபக்கமும் பார்த்தாள். யாருமில்லை. ஒரு நாய் மட்டும் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மூன்று நாளைக்கு ஒரு முறை விளக்கு முறை அவளுக்கு வரும். மூன்று நாளைக்கு ஒரு முறை மணல் இடம் மாறியது. ஒரேயடியாகக் கொட்டினால் தெரிந்துபோகும் என்று, ஒவ்வொரு முறையும் இரண்டு கை அளவு. அதற்கு மேல் இல்லை.

இப்போது பாருங்கள் அதிசயத்தை. சிலம்பாயிக்குக் கால் இலேசாயிற்று. இருநூறில் நின்றவள் முந்நூறு ஏறினாள். முந்நூறு ஐந்நூறாயிற்று. ஐந்நூறு எழுநூறாயிற்று. பூவாத்தாளோ நானூறில் நின்றாள், மறுபடி நானூறு, மறுபடி நானூற்றைந்து. பாட்டு நின்றுபோயிற்று. குடத்துக்கடியில் அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதைச் சிலம்பாயி கண்குளிரப் பார்த்தாள்.

"என்னடி பூவு, பாட்டைக் காணோம்?"

"மூச்சு வேணுமே அக்கா."

"வயசுப் பொண்ணு. இந்த வயசுல நானெல்லாம் ஓடுவேன்."

"ஆமாங்க அக்கா. உங்களைப் பார்த்தாலே தெரியுதே."

சொல்லிவிட்டுப் பூவாத்தாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சிலம்பாயிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எழுநூறு படி ஏறியவளுக்குச் சின்ன உறுத்தல் ஒரு பொருட்டா?

எடுத்துப்போட்ட மணலைப் பற்றி அவள் மறந்தேபோனாள் என்றால் நம்புவீர்களா? சாயங்காலம் கை அள்ளும். காலையில் கால் ஏறும். கை செய்ததைக் கால் அறியவில்லை. தனக்குப் பழைய பலம் திரும்பிவிட்டது என்றே அவள் நம்பினாள். கண்ணாடி பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள். இளைத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

மருதன்தான் ஒருநாள் தலையைச் சொறிந்தான். "மலை உச்சி வரைக்கும் குடம் தூக்குறேங்கிற. வீட்டுல குளிக்கிற தண்ணி அண்டாவை நகர்த்த மட்டும் என்னைக் கூப்பிடுற. இது எப்படி?"

"மலைக் காத்து வேற, வீட்டுக் காத்து வேற" என்றாள் சிலம்பாயி.

"அப்ப அண்டாவை மலைக்குக் கொண்டுபோயிடலாமா?"

அன்று மருதனுக்குக் குழம்பில் உப்பு இல்லை.

மண்டலம் முடிகிற தறுவாயில் சிலம்பாயி தொள்ளாயிரம் படியும் இறக்காமல் ஏறிவிட்டாள். பூவாத்தாள் அறுநூறில் இறக்கி வைத்து மரத்தில் சாய்ந்து நின்றாள். அவளைத் தாண்டிப் போகும்போது சிலம்பாயி வேண்டுமென்றே ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

சித்திரை முதல் நாள் வந்தது.

ஆற்றில் மூன்று செப்புக்குடங்களை நிறைத்தார்கள். படிக்காவலன் ஒவ்வொன்றையும் விளிம்பு வரை பார்த்தான். மூன்று பெண்களும் சும்மாடு வைத்தார்கள். தெருவே இரு பக்கமும் நின்றது. தேனாயி கூட்டத்தின் முன்னால் நின்று, "அம்மா, விடாதேம்மா!" என்று கத்தினாள்.

குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். வைத்ததுமே சிலம்பாயிக்கு எதுவோ சரியில்லை. கழுத்து தோளுக்குள் இறங்குவது போலிருந்தது. குடத்தை மாற்றி வைத்துவிட்டார்களோ? செம்பு கனமோ? இல்லை, பதற்றம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கொம்பு ஊதினார்கள். ஏறினார்கள்.

புங்கமரம் வரை மூவரும் சேர்ந்து போனார்கள். இருநூறாம் படியில் மாரக்காள், "இந்தப் பெருமையை நாய்க்குப் போடு" என்று சொல்லிக் குடத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நானூறாம் படியில் பூவாத்தாள் பாட ஆரம்பித்தாள்.

சிலம்பாயிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஐம்பது படி ஏறினாள். எரிச்சல் அவ்வளவு தூரம்தான் தூக்கும். அதற்கு மேல் கால்தான் தூக்க வேண்டும். அவளுடைய கால்கள் ஒரு மாதமாகப் பழகியதோ வேறொரு கனம். தலைக்கு மேலே தண்ணீர் தளும்பித் தளும்பி விளிம்பில் மோதியது. கண் இருட்டியது. பூவாத்தாளின் குதிகால் மேலே, மேலே, வளைவுக்கு அப்பால் போய் மறைந்தது.

ஐந்நூற்றுப்பத்தாம் படியில் அவள் முழங்கால் மடங்கியது. அவள் இறக்கவில்லை, குடம்தான் இறங்கியது.

சற்று நேரம் கழித்து மேலே பறை முழங்கியது. தன் பறை. யாருக்கோ.

தோற்றவர்களும் மேலே போய் ராணி கையால் வெற்றிலை வாங்க வேண்டும், தெருவும் பின்னாலேயே ஏறி வரும் என்பது வழக்கம். சிலம்பாயி வெறுங்கையோடு மீதிப் படிகளை ஏறினாள். ஒவ்வொரு படியும் ஒரு மலை.

மேலே பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வியர்வை கூட இல்லை. பூப்பறித்துவிட்டு வந்தவள் போல நின்றாள். அதைப் பார்த்ததும் மாரக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"மகாராணி, இதில் ஏதோ சூது இருக்கிறது! இவள் அறுநூறு படியோடு நின்றுகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இன்றைக்கு மட்டும் பறந்து வந்தாளாம். குடத்தில் தண்ணீர் இருந்ததா, காற்று இருந்ததா? பழகிய குடத்தையும் பாருங்கள், அதில் மணல் இருக்கிறதா, தவிடு இருக்கிறதா என்று!"

ராணி தண்ணீரைப் பார்த்தாள். விளிம்பு வரை இருந்தது. "சரி, மண்குடங்களைக் கொண்டுவாருங்கள்" என்றாள்.

மூன்று காவலர்கள் இறங்கிப் போனார்கள். வெயில் ஏறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். சிலம்பாயிக்கு மட்டும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

முதல் காவலன் ஒரு கையால் குடத்தைத் தோளில் பிடித்துக்கொண்டு, சீழ்க்கை அடித்தபடி வந்தான். அது சிலம்பாயியின் குடம். இரண்டாம் காவலன் சாதாரணமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். அது மாரக்காளின் குடம். மூன்றாம் காவலனை நெடுநேரம் காணோம். நாலு இடத்தில் இறக்கி வைத்து, முண்டாசு அவிழ்ந்து, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தான். "இதற்குள் யார் யானையைப் போட்டது?" என்று கேட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அதில் மஞ்சள் பொட்டு இருந்தது.

தராசில் வைத்தார்கள். மாரக்காளின் குடம் சரியாக நின்றது. சிலம்பாயியின் குடம் மேலே போயிற்று. பூவாத்தாளின் குடம் தட்டைத் தரையில் இடித்தது.

"பெண்ணே, உன் குடத்தில் இவ்வளவு மணல் எப்படி வந்தது?" என்று ராணி பூவாத்தாளைக் கேட்டாள்.

பூவாத்தாள் சிலம்பாயியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் போட்டுக்கொண்டேன் மகாராணி. பலம் வரட்டும் என்று" என்றாள்.

"ஆகா!" என்றது கூட்டம். "என்ன மனத்திடம்! என்ன பெண்!" ராணியே இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள்.

இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சிலம்பாயி தப்பித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தன் குடத்தில் மணல் குறைந்ததற்கு ஓட்டை என்றோ எலி என்றோ எதையாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் காதில் அந்த "ஆகா" விழுந்தது. பறையை எடுத்துக்கொண்டாள், சரி. தலைவி பட்டத்தை எடுத்துக்கொண்டாள், சரி. நல்லவள் என்கிற பேரையும், மனத்திடக்காரி என்கிற பேரையும் சேர்த்து இவளே அள்ளிக்கொண்டு போவதா? அதுவும் என் மணலை வைத்துக்கொண்டா?

"பொய்!" என்று கத்தினாள் சிலம்பாயி. "அது என் மணல்! நான் போட்டது! என் குடத்திலிருந்து ரெண்டு கையாலயும் அள்ளி, பன்னிரண்டு தடவை போட்டேன். இவ ஒரு பிடி கூடப் போடலை!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மேலே பறந்துகொண்டிருந்த கழுகு கூட ஒரு நிமிஷம் நின்றது போலிருந்தது. தேனாயி கூட்டத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதைத்தான் சிலம்பாயியால் தாங்க முடியவில்லை.

ராணி பூவாத்தாளைப் பார்த்தாள். "இது உனக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும் மகாராணி. நான் கயிற்றில் ஒற்றை முடிச்சுப் போடுவேன். மறுநாள் பார்த்தால் இரட்டை முடிச்சு. எங்கள் வீட்டில் கோழிக்கூண்டுக்கும் அரிசிப்பானைக்கும் இரட்டை முடிச்சுப் போடுவது யார் என்று எனக்குத் தெரியாதா?"

"தெரிந்துமா சும்மா இருந்தாய்? ஏன் சொல்லவில்லை?"

பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொன்னா அக்கா நிறுத்தியிருப்பாங்களே!"

ராணி சிரித்தாள். கூட்டம் சிரித்தது. கீழே உட்கார்ந்திருந்த காவலனும் சிரித்தான். சிலம்பாயி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒரு மாதமாக அவள்தான் பூவாத்தாளுக்கு முறை தவறாமல் பலம் ஊட்டியிருக்கிறாள். தன் பலத்தை எடுத்து, தன் கையாலேயே அள்ளி.

என்ன தண்டனையோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ராணி இலேசான குடத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"சிலம்பாயி, உன் குடத்தை எடுத்துக்கொள். குறைந்த மணலை உன் கையாலேயே போட்டு நிரப்பு. வீட்டுக்குக் கொண்டுபோ. சுமந்தாயா என்று நான் கேட்க மாட்டேன். சுமந்தாயா என்று தெருவும் கேட்கக் கூடாது. இதுதான் என் தீர்ப்பு."

இது தண்டனையா என்று கூட்டம் முணுமுணுத்தது. சிலம்பாயிக்கும் அப்படித்தான் தோன்றியது.

குடம் வீட்டு மூலையில் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. பூவாத்தாள் விடியற்காலையில் துறைக்குப் போய் எல்லோருக்கும் முறை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மலையேற நேரமில்லை.

நான்காம் நாள் சிலம்பாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஏன் கிளம்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எண்பது படி ஏறினாள். பழக்கத்தில் மேலே பார்த்தாள். குதிகால் இல்லை. கீழே பார்த்தாள். ஒருவருமில்லை. யாரை முந்துவது? யாருக்குப் பயந்து ஏறுவது? அவளுக்கு உடனே சலிப்புத் தட்டியது. குடத்தை இறக்கினாள். இறக்கிய படியின் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்தாள். சும்மாதான் வைத்தாள்.

மறுநாள் போனபோது கல் அங்கேயே இருந்தது. அதைத் தாண்டி இரண்டு படி ஏறிவிட்டு, கல்லை எடுத்து அங்கே வைத்தாள்.

சில நாள் கல் ஐந்து படி ஏறியது. சில நாள் ஒரு படி. சளி பிடித்த வாரம் இறங்கியும் வந்தது. பொறாமை மட்டும் ஒரே நாளில் போய்விட்டதா என்றால், இல்லை. துறையில் பூவாத்தாள் கையை நீட்டி, "நீங்க மேல்துறை அக்கா" என்று சொல்லும்போதெல்லாம் பழைய இடத்தில் சுருக்கென்றது. ஆனால் கல் எந்தப் படியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அந்தச் சுருக்கு கொஞ்சம் அடங்கியது. கூழ் இரண்டு கிண்ணத்தோடு போதும் என்று வயிறே சொன்னது. ஒருநாள் அண்டாவை அவளே நகர்த்தினாள். மருதன் வாயைத் திறந்தான். குழம்பை நினைத்து மூடிக்கொண்டான்.

புரட்டாசியில் தேனாயி பெரியவளானாள். பச்சை ஓலைக் குடிசை கட்டினார்கள், தெரு கூடியது, குலவை போட்டார்கள். சிலம்பாயி குடிசைக்குப் பின்னால் போய் நின்று சத்தமில்லாமல் அழுதாள். மகளுக்காக அழுத சந்தோஷக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, இனி ஒருநாளும் தனக்குப் பறை முழங்காது என்பதற்கு.

அன்று ஒரு நாள்தான் அவள் மலை ஏறவில்லை. மறுநாள் குடத்தைத் தூக்கினாள்.

மாரக்காள் வழி மறித்தாள். "இனிமே எதுக்குடி இது? யாருக்குக் காட்ட?"

"என் கல்லு ஐந்நூறாம் படியில கெடக்குது" என்றாள் சிலம்பாயி. சொல்லிவிட்டு நடந்தாள்.

தை மாதத்தில் ஒரு சாதாரண நாள், விடியற்காலை. திருவிழாவும் இல்லை, விரதமும் இல்லை. அன்று அவள் மணல் குடத்தை வைத்துவிட்டு, செப்புக்குடத்தில் விளிம்பு வரை தண்ணீர் மொண்டாள். சும்மாடு வைத்தாள். ஏறினாள். புங்கமரம் போயிற்று, யானைப்பாறை போயிற்று, அவள் முழங்கால் மடங்கிய படி போயிற்று. அந்தப் படியை அவள் கவனிக்கவேயில்லை. தொள்ளாயிரமாவது படியில் கால் வைத்தபோது கோட்டை வாசலில் ஒரே ஒரு காவலன் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பறை இல்லை. கூட்டம் இல்லை. ராணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரம்மா அது? இந்நேரத்துக்குத் தண்ணீர் யாருக்கு?" என்று கேட்டான் காவலன்.

சிலம்பாயி நின்று தன் மூச்சைக் கேட்டாள். சீராக இருந்தது.

"எனக்குத்தான்" என்று சொல்லி, குடத்தைத் தானே இறக்கி, இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளிக் குடித்தாள். "உனக்கும் வேணும்னா குடி, தம்பி. நல்ல தண்ணி."

கதை அவ்வளவுதான் பிள்ளைகளே. எழுந்து கைகால் அலம்பிக்கொண்டு போகும்போது இதை மட்டும் எடுத்துப் போங்கள்: அடுத்தவர் உடம்பைப் பார்த்துப் பொருமுகிறவர் தன் பலத்தைத் தன் கையாலேயே அவருக்கு அள்ளிக் கொடுக்கிறார். தன் நேற்றைய படியை மட்டும் தாண்ட நினைப்பவரே மலை ஏறுகிறார்.